மொன்றியலில் யாழ்ப்பாணப் பண்டிகைப் பலகாரம்: 1983க்குப் பின்

யாழ்ப்பாணத்து இந்துக்களின் பண்டிகைப் பண்டங்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று அந்தந்த நாளுக்கே உரியது: ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும், தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், விநாயக சதுர்த்திக்கு மோதகம். மற்றது எண்ணெயில் சுட்டுப் பல நாள் வைத்துத் தின்பது: முறுக்கு, சீனி அரியதரம், பயற்றம் பணியாரம், சிப்பி, தட்டை வடை. சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, கல்யாண வீடு என்று எல்லாவற்றுக்கும் இது பொது. கனடாவின் மொன்றியல் நகருக்குப் பெயர்ந்த கடந்த நாற்பது ஆண்டுகளில் இவ்விரு வகைக்கும் நேர்ந்தது ஒன்றல்ல.

இப்பண்டங்கள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. மதுரை வீதியில் மோதகம் விற்றவர்களை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. அரியதரத்தின் உறவான அதிரசம், விசயநகரக் காலத் திருப்பதிக் கல்வெட்டுகளில் இறைவனுக்குரிய படையலாக வருகிறது. முறுக்கில் இன்று சேரும் மிளகாய்த்தூள் போர்த்துக்கேயர் வருகைக்குப் பிற்பட்டது. அச்சை மாக்கரைசலில் தோய்த்து எண்ணெயில் சுடும் கொக்கிஸ் ஒல்லாந்தரோடு வந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆகவே மொன்றியலில் நிகழ்ந்த மாற்றத்தை மரபின் முதல் முறிவாகக் கொள்வது பொருந்தாது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் பெருமளவில் கனடாவை நாடினர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரிலும் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றனர். தொடக்கத்தில் வந்தோரில் இளைஞர் தொகை மிகுதி. பலருக்கு உணவகச் சமையலறைகளே முதல் வேலைத்தலம். பலகாரம் சுடத் தெரிந்த அம்மாவும் அக்காவும் ஊரிலேயே இருந்தார்கள். குடும்பங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் கோட்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளில் எண்ணெய்ச்சட்டி ஏறியது.

அங்கு எழுந்த இடர்ப்பாட்டுக்குப் பயற்றம் பணியாரம் நல்ல சான்று. பாசிப்பயறை வறுத்து மாவாக்கி, வறுத்த தேங்காய்ப்பூ, மிளகு, சீரகம் சேர்த்துச் சீனிப்பாகில் குழைப்பார்கள். சூடு ஆறுமுன் உருட்டியாக வேண்டும். ஆறினால் மா உதிரும். ஊரில் இதற்கு அயலவர் நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். உருண்டையை மஞ்சள் கலந்த மாக்கரைசலில் தோய்த்து எண்ணெயில் போடுவது அடுத்த வேலை. மொன்றியலில் கைகள் இரண்டோ நான்கோதான். ஜன்னல் திறக்க முடியாத குளிரில் எண்ணெய்ப் புகை எழுந்தால் புகை எச்சரிக்கை மணி அலறும். எண்ணெய் வாடை பக்கத்து வீடு வரை போகும். எனவே தோய்த்துச் சுடாத பயற்றம் உருண்டை வீட்டுக்கு வசதியாயிற்று. அரியதரத்துக்கு அரிசியை ஊறவைத்து இடித்து ஈரமாவாகவே பாகில் போட வேண்டும். உரலுக்குப் பதில் மிக்ஸி வந்தது. ஆனால் வெப்பமூட்டிய வீட்டின் வறண்ட காற்றில் மூடாமல் வைத்த மா காய்ந்துவிடும். அதே வறட்சி முறுக்குக்கு நன்மை செய்தது. ஊரின் மாரிகாலத்தில் நமுத்துப்போகும் முறுக்கு இங்கே மொறுமொறுப்புக் குறையாமல் இருக்கிறது.

சுடும் பலகாரம் கடைக்குப் போனதற்குக் காரணங்கள் இவையே. ழான்-தலோன் வீதியின் தெற்காசியக் கடைகளும், சுமார் 540 கிலோமீட்டர் தொலைவில் பெரிய தமிழ்ச் சந்தையாக வளர்ந்த ரொறன்ரோவும் பொதி செய்த முறுக்கையும் உருண்டையையும் எளிதாக்கின. இதில் சட்டத்துக்கும் பங்குண்டு. சமைத்த உணவை விற்க கியூபெக் வேளாண் அமைச்சின் உரிமம் தேவை. பொதியில் பிரெஞ்சு மொழி இருக்க வேண்டும். எள் ஒவ்வாமைப் பொருளாகக் குறிக்கப்பட வேண்டும். வீட்டு அடுப்பிலிருந்து தெரிந்தவர்களுக்குச் சுட்டுக் கொடுக்கும் வழக்கம் பெருந்தொழிலாக வளர இவ்விதிகள் இடம் தருவதில்லை. விளைவாக, ஒரு பண்டிகையை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் தன்மையைப் பலகாரத்தட்டு இழந்தது. தீபாவளிக்கு வரும் தட்டுத்தான் பிறந்தநாளுக்கும் வருகிறது.

நாளுக்குரிய பண்டங்கள் வீட்டிலேயே நின்றன. தைப்பொங்கல் வரும் ஜனவரி நடுப்பகுதியில் மொன்றியலின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 10 பாகை. முற்றத்தில் கோலமிட்டு அடுப்பு மூட்டுவது நடவாத காரியம். பானை மின்னடுப்புக்கு ஏறியது, பால் அங்கேயே பொங்குகிறது. டொலார்-டெ-ஓர்மோவின் திருமுருகன் கோயில் போன்றவற்றின் வழிபாடு வீட்டுப் பொங்கலுக்குத் துணையாக அமைந்தது.

ஆடிப்பிறப்பின் நிலை வேறு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய சிறுவர் பாடல், கூழும் கொழுக்கட்டையும் செய்யும் விதத்தையே நினைவில் பதித்துவிட்டது. சமையல் நூல் செய்யாத வேலை அது. ஜூலை 16 அல்லது 17இல் வரும் இந்நாள் கியூபெக்கில் பள்ளிக் கோடை விடுமுறைக்குள் விழுவதும் நல்ல பொருத்தம். வறுத்த பயறு, தேங்காய்ச் சொட்டு, அரிசிமா, தேங்காய்ப்பால், பனங்கட்டி ஆகியவற்றில் பனங்கட்டி ஒன்றே தேடி வாங்க வேண்டியது. அது கிட்டாதபோது வெல்லமோ மண்ணிறச் சீனியோ இடுவர், சுவை சற்றுக் குறையும். பலா இலைக்குப் பதில் காகிதக் குவளை. பண்டம் மட்டும் அடையாளம் மாறாமல் நிற்கிறது. வீட்டுப் பலகாரம் என்ற பெயருக்கு இன்றைய மொன்றியலில் கூடுதல் உரிமை உள்ளவை முறுக்கும் அரியதரமும் அல்ல, ஆடிக்கூழும் கொழுக்கட்டையுமே.