இழந்த விரலும் இழந்த வேலையும்: இழப்பீட்டுக் கணக்கின் நூறாண்டு

வேலை செய்யும் இடத்தில் கட்டைவிரல் போனால் எவ்வளவு தர வேண்டும் என்று இந்தியச் சட்டம் பைசா சுத்தமாகக் கணக்குச் சொல்லும். வேலையே போனால் எவ்வளவு என்று கேட்டால் அந்தத் தெளிவு இல்லை. இரண்டு கணக்குகளும் ஏன் இப்படி வேறுவேறு வேகத்தில் வளர்ந்தன? இரண்டுமே தொழிலாளரை எங்கே கைவிடுகின்றன? பட்டறைகளும் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளும் நிறைந்த பெங்களூரை முன்வைத்து இதை ஆராயலாம்.

விபத்துக்கான கணக்குதான் மூத்தது. ஜெர்மனி 1884இலும் இங்கிலாந்து 1897இலும் சட்டம் இயற்றின. பிரிட்டிஷ் இந்தியாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் குறையும் என்பதற்கு அதில் ஓர் அட்டவணை உண்டு. பின்னாளில் திருத்தப்பட்ட அந்த அட்டவணைப்படி கட்டைவிரலுக்கு 30, சுட்டுவிரலுக்கு 14, இரு கைகளுக்கும் சேர்த்து 100.

உடல் ஒன்றானாலும் தொழில் வேறல்லவா? 1975இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. ஒடிசாவில் தச்சர் ஒருவருக்கு இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது. ஆகவே இழப்பு முழுமையானதே என்ற இழப்பீட்டு ஆணையரின் முடிவை நீதிமன்றம் உறுதிசெய்தது. அட்டவணையைத் தாண்டி, செய்த தொழிலையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தப் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு இன்றும் மேற்கோளாகிறது.

1984இல் சட்டத் திருத்தம் வயதையும் கணக்குக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு காரணி: 16 வயதுக்கு 228.54, 30க்கு 207.98, 50க்கு 153.09. இளையவருக்குச் சம்பாதிக்கும் ஆண்டுகள் அதிகம் என்பதால் காரணியும் அதிகம். நிரந்தர ஊனத்துக்கு மாத ஊதியத்தில் 60 சதவீதத்தைக் காரணியால் பெருக்கி, திறனிழப்புச் சதவீதத்தைப் போட்டால் தொகை வந்துவிடும்.

பெங்களூரின் பீன்யாத் தொழிற்பேட்டையில், பத்துப் பேருக்கும் குறைவாக இருப்பதால் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசு காப்பீட்டு வரம்புக்குள் வராத ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளிக்கு வயது 30, மாதச் சம்பளம் 18,000 ரூபாய். பவர் பிரஸ்ஸில் சிக்கிக் கட்டைவிரல் போகிறது. சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கணக்கில் ஏறுவது 15,000தான். அதில் 60 சதவீதம் 9,000. காரணியால் பெருக்கினால் 18,71,820. அதில் 30 சதவீதம் 5,61,546 ரூபாய்.

அந்த வரம்பு 15,000 ஆனது 2020 ஜனவரியில். 2010 முதல் அதுவரை 8,000தான். இதே தொழிலாளிக்கு இதே விபத்து 2019இல் நேர்ந்திருந்தால் கிடைத்திருப்பது 2,99,491 ரூபாய். விரல் மாறவில்லை, வயது மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை. அரசு அறிவிப்பு ஒன்று பத்தாண்டு நகராமல் கிடந்ததால் பாதித் தொகை போயிருக்கும். சூத்திரம் நுட்பமானதுதான், அதில் போடும் ஊதியம்தான் உண்மையானதல்ல.

வேலையிழப்பின் கதை வேறு. பி. பி. அடார்க்கரின் 1944ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து பிறந்த இஎஸ்ஐ சட்டம் (1948) நோய், மகப்பேறு, பணியிடக் காயம் ஆகியவற்றுக்குக் காப்பீடு தந்தது, வேலையின்மையை விட்டுவிட்டது. 1953இல் தொழில் தகராறு சட்டத்தில் ஆட்குறைப்புக்கு இழப்பீடு வந்தது: பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம், அதுவும் ஒரே தவணை. இஎஸ்ஐயில் வேலையின்மை உதவித்தொகை நுழைந்தது 2005இல்தான். 2018இல் இஎஸ்ஐயின் கீழ் வந்த அடல் திட்டம், சராசரி நாள் ஊதியத்தில் 25 சதவீதத்தை அதிகபட்சம் 90 நாளைக்குத் தந்தது. நாளுக்கு 600 ரூபாய் ஊதியம் என்றால் மொத்தம் 13,500 ரூபாய், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. கோவிட் வந்த பிறகு விகிதம் 50 சதவீதமாக உயர்ந்தது.

இந்த வெற்றிடத்தைத் தொழிலாளர்கள் தாங்களே பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தைக் கொண்டு நிரப்பினார்கள். முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று 2016 பிப்ரவரியில் விதி வந்தது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் கார்மெண்ட்ஸ் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஓசூர் சாலையில் திரண்டார்கள். பெங்களூரு ஸ்தம்பித்தது, விதியைத் திரும்பப் பெறுவதாக மத்திய அரசு அறிவித்தது. அவர்களுக்கு அந்தப் பணம் ஓய்வுக்காலச் சேமிப்பு மட்டுமல்ல. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே அடுப்பெரிய வைப்பதும் அதுதான்.

கர்நாடக அரசு பின்னர் தன் பங்குக்குச் சில அடிகள் எடுத்தது. 2024 ஜனவரி முதல் யுவநிதி திட்டம் வேலை கிடைக்காத புதிய பட்டதாரிகளுக்கு மாதம் 3,000 ரூபாயும், டிப்ளமோ முடித்தவர்களுக்கு 1,500 ரூபாயும் அதிகபட்சம் இரண்டு ஆண்டு தருகிறது. ஆனால் இருந்த வேலையை இழந்த 40 வயது தையல் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. 2025இல் செயலிவழி வேலை பார்க்கும் கிக் தொழிலாளர்களுக்கென வந்த மாநிலச் சட்டம், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குச் சேரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனங்களிடம் நலநிதிக் கட்டணம் வசூலிக்க வழிசெய்தது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 1923 சட்டத்தையும் இஎஸ்ஐ சட்டத்தையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் இழப்பீட்டுக்கான ஊதிய வரம்பை அது மத்திய அரசின் அறிவிப்புக்கே விட்டிருக்கிறது. அந்த வரம்பை விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து ஆண்டுதோறும் தானாக உயரச் செய்வதும், வேலையின்மை உதவித்தொகையை அவ்வப்போது நீட்டிக்கும் திட்டமாக வைக்காமல் சட்ட உரிமையாக்குவதும் உடனடியாகச் செய்ய வேண்டியவை. வயதுக்கு இரண்டு தசம இடம்வரை காரணி வகுத்த நாட்டுக்கு இந்த இரண்டு திருத்தங்களும் எட்டாதவை அல்ல.