கல்லின்மேல் நிற்கும் மரத்தூண்கள்



மரத்தால் கட்டிய ஓர் ஆலயம் எத்தனை ஆண்டுகள் நிற்கும்? நார்வே நாட்டில், மலைகளுக்கிடையே கடல்நீர் புகுந்து கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கின் கரையில் ஊர்னெஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஏறத்தாழ 1130-இல் எழுப்பப்பட்ட மர ஆலயம் இன்றும் நிற்கிறது. மழையும் பனியும் மிகுந்த அத்தேசத்தில் அது எவ்வாறு நிலைத்தது?

அதற்கு முந்திய தலைமுறையினர் ஆலயத் தூண்களை மண்ணில் குழி தோண்டி நட்டனர். மண்ணின் ஈரம் அடிமரத்தை அரித்தது; அந்த ஆலயங்கள் நிலைக்கவில்லை. ஊர்னெஸிலும் லோமிலும் இன்றுள்ள ஆலயத் தரையின்கீழ் அக்குழிகளின் தடயங்களை அகழாய்வாளர்கள் கண்டனர். பின்வந்த தச்சர்கள் இதை மாற்றினர். முதலில் கல் அடித்தளம், அதன்மேல் கிடைமட்டமான உத்தரங்கள், அவற்றின்மேல் தூண்கள். சுவர்ப் பலகைகளையும் செங்குத்தாக நிறுத்தி, காடிக்குள் பொருத்தினர். மரம் மண்ணைத் தொடவில்லை, ஆகவே உளுத்துப்போகவில்லை. நோவா பேழைக்குக் கீல் பூசியதுபோல, பைன் மரத்தில் வடித்த தாரை வெளிப்புறம் முழுவதும் பூசினர். அத்தார் வெயிலிலும் மழையிலும் கரையும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் திரும்பப் பூசவேண்டியிருந்தது.

ஆயினும் இவ்வகை ஆலயங்களில் இன்று எஞ்சியவை 28 மட்டுமே. 1349-இல் வந்த கொள்ளைநோயால் ஊர்கள் வெறுமையாயின, ஆலயங்கள் கைவிடப்பட்டன. டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்து ஆண்ட நான்காம் பிரெடரிக் மன்னர், போர்க்கடனைத் தீர்க்க 1720-களில் நார்வேயின் ஆலயங்களைத் தனியாருக்கு விற்றார். 1706-இல் தரங்கம்பாடி வந்துசேர்ந்த சீகன்பால்கை அனுப்பிய அதே மன்னர்தாம் இவர்!

1851-இல் வந்த சட்டமோ, ஊர்மக்களில் பத்தில் மூன்று பங்கினர் அமரக்கூடிய இடம் ஆலயத்தில் வேண்டும் என்றது. சிறிய பழைய ஆலயங்கள் பல இடிக்கப்பட்டன. இடித்தவர்கள் விசுவாசத்தின் பகைவர் அல்லர். ஆராதிக்க இடம் தேடியவர்களே. போர்குண்ட் என்னும் ஊரில் 1868-இல் புதிய ஆலயம் கட்டியபின், பழையது பயனற்றுக் கிடந்தது. பழஞ்சின்னங்களைக் காக்க 1844-இல் தோன்றிய சங்கம் 1877-இல் அதை வாங்கிக் காப்பாற்றியது.

அன்பானவர்களே, கன்மலையின்மேல் வீடு கட்டிய புத்திமானைக் குறித்து நம் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். அஸ்திபாரம் ஒருமுறை போடப்படுவது. அது நம்முடைய கிரியையன்று. ஆனால் தார் பூசுவது நம் பங்கு. நம் பெற்றோர் முழங்காலில் நின்று பூசிச் சென்றது நம் காலத்தோடு கரைந்துபோகக் கூடாது. உங்கள் இல்லத்தின் குடும்ப ஜெபம் கடைசியாக எப்பொழுது நடந்தது? நம் பிள்ளைகளுக்காக இன்றே அதை மீண்டும் தொடங்குவோம்.

கர்த்தர்தாமே உங்களை நிலைநிறுத்துவாராக. ஆமென்.