கம்பி வேலி இழுக்கும் கருவி: ஒரு சின்ன வரலாறு

போன வருஷம் ஐப்பசியில் பெரியப்பா வீட்டு வெள்ளாடு இரண்டு எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் புகுந்து இலையை மேய்ந்துவிட்டன. குச்சிக்கிழங்கு என்று சேலம், நாமக்கல் பக்கம் நாங்கள் சொல்வது மரவள்ளியை. அதன் இலை வயிற்றுக்குள் போனால் சயனைடாக மாறும் ஒரு பொருளை வைத்திருக்கிறது. கொழுந்து இலையில் அது இன்னும் அதிகம். ஒரு ஆடு காட்டிலேயே விழுந்தது. இன்னொன்று சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

பெரியப்பா சத்தம் போடவில்லை. "வேலின்னு ஒண்ணு எதுக்குப் போட்டு வச்சிருக்கீங்க?" என்று அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டாராம். ஆட்டுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தோம், வாங்கவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. சேலத்துக்கு வடக்கே, ஏற்காடு மலை அடிவாரம். நான் வேலை பார்ப்பது பெங்களூரில். தீபாவளிக்குப் போனபோது வேலியைச் சுற்றிப் பார்த்தேன். கல்லுக்கால் நட்டு ஐந்து வரிசை முள்கம்பி ஓட்டி மூன்று வருஷம்தான் ஆகிறது. கம்பி எங்கும் அறவில்லை, துருவும் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு கல்லுக்கு நடுவில் தொய்ந்து கிடந்தது. காலால் ஒரு கம்பியை அழுத்தி, கையால் அடுத்ததைத் தூக்கினால் நானே உள்ளே நுழையலாம். ஆட்டுக்குக் கேட்கவா வேண்டும்.

பெரியப்பா கேட்டது நியாயமான கேள்வி என்று தோன்றியது. கம்பி இருக்கிறது, கல் இருக்கிறது, ஆனால் வேலி இல்லை. அப்படியானால் வேலி என்பது எது? அதைத் தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் கணக்கு

கம்பி தன் கனத்தால் தொய்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அது தப்பு. 2.5 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் 40 கிராம்கூட வராது. 3 மீட்டர் இடைவெளியில், 50 கிலோ இழுவையில் கட்டினால், சொந்த எடையால் வரும் தொய்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்கே தெரியாது.

பிரச்சினை நீளத்தில் இருக்கிறது. 3 மீட்டர் இடைவெளியில் கம்பி வெறும் 9 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால், நடுவில் 10 சென்டிமீட்டர் தொய்வு வந்துவிடும். விரல் நகத்தின் அகலம் அளவு தளர்ச்சி, ஆட்டுத் தலை நுழைகிற சந்தாக மாறிவிடுகிறது.

இன்னொன்று வெயில். இரும்புக் கம்பி 100 மீட்டர் நீளம், விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் 24 மில்லிமீட்டர் நீளும். அது 3 மீட்டருக்கு ஒரு கல் என்று பங்காகும்போது ஒவ்வொரு இடைவெளியிலும் சுமார் 3 சென்டிமீட்டர் தொய்வு. இதைச் சமாளிக்க ஒரே வழி, நீளப் போகிற அளவை முன்கூட்டியே இழுத்து வைத்துவிடுவது. அப்படி இழுத்து வைக்க ஒற்றைக் கம்பிக்கு 24 கிலோ வேண்டும். முள்கம்பி இரட்டைப் புரி என்பதால் ஏறக்குறைய 48 கிலோ. அதற்குக் குறைவான இழுவையில் காலையில் கட்டிய வேலி மத்தியானம் தொங்கும்.

ஆக, இழுவைதான் வேலி. அந்த இழுவையை எதால் கொடுக்கிறோம்?

கடப்பாரை முறை

எங்கள் வேலியைக் கட்டியவர் அறுபது வயதுக்கு மேலானவர். அவர் முறை எளிது. கம்பி நுனியைக் கடப்பாரையில் இரண்டு சுற்று சுற்றி, கல்லுக்கால் மேல் கடப்பாரையை முட்டுக் கொடுத்து நெம்புவார். ஐந்தடிக் கடப்பாரையில் கல்லுக்கு இந்தப் பக்கம் நாலு அங்குலம் என்றால் பதினாலு மடங்கு பலம் கிடைக்கும். ஒருவர் 20 கிலோ தள்ளினாலே கணக்குப்படி 280 கிலோ. பலத்துக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில். ஒருவர் நெம்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் கம்பியைக் கல்லில் சுற்றிக் குறடால் முறுக்க வேண்டும். அந்த நேரத்தில் கை ஒரு அங்குலம் தளர்ந்தால், இழுத்ததில் பாதி போச்சு. எங்கள் வேலியில் வரிசைக்கு வரிசை இழுவை வேறு வேறாக இருந்ததற்கு இதுதான் காரணம். இழுப்பதைவிட, இழுத்ததைத் திரும்ப விடாமல் வைத்துக்கொள்வதுதான் சிரமம்.

கம்பிக்கு முன்னால்

எங்கள் தாத்தா காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. கிளுவை வேலிதான். வெட்டிய போத்தை நட்டால் வேர்விட்டு முள்ளோடு எழும். சந்து விழுந்தால் பக்கத்துக் கிளை வளர்ந்து அடைத்துவிடும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி இன்றைக்கும் கிளுவை வேலியைப் பார்க்கலாம். உள்ளே கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. காங்கேயம் மாடு வளர்ந்தது அந்த அமைப்பில்தான்.

வெளியூர்ச் செடிகளையும் வேலிக்கு வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி வேலியைத் தாண்டி நிலத்தையே பிடித்துக்கொண்டது. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு கள்ளிப் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தென்னிந்தியாவில் அதன் கொட்டம் அடங்கியது. சீமைக் கருவேலத்துக்கு வேலிகாத்தான் என்று பெயர் வந்ததும் வேலிக்குப் பயன்பட்டதால்தான். அது காத்த வேலியைவிடத் தின்ற நிலம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

உயிர்வேலியின் உச்சம் என்று வட இந்தியாவில் ஒன்று இருந்தது. உப்பு வரிக்காக பிரிட்டிஷ் அரசு 2,000 மைலுக்கு மேல் ஒரு சுங்கக் கோடு போட்டு, முடிந்த இடத்திலெல்லாம் முள் வேலி வளர்த்தது. நன்றாக வளர்ந்த இடத்தில் பத்தடிக்கு மேல் உயரம். 1885-ல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான் 1860களின் கடைசியில் அதற்குப் பொறுப்பு. அந்தக் கோட்டைக் காக்க ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டியிருந்தது. 1879-ல் கைவிட்டார்கள்.

அதே பத்து வருஷத்துக்குள் அமெரிக்காவில் கதை வேறு பக்கம் திரும்பியது. அங்கே புல்வெளியில் வேலிக்கு மரமும் இல்லை, கல்லும் இல்லை. முள்செடி வைத்தால் மாடு தாண்டாத உயரம் வர மூன்று நாலு வருஷம் ஆகும். 1874 நவம்பர் 24 அன்று இல்லினாய்ஸ் மாகாணத்து டிகால்ப் என்ற ஊர் விவசாயி ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். காபிக் கொட்டை அரைக்கிற மெஷினை மாற்றி முள்ளை வளைத்தார் என்று சொல்வார்கள். அவருக்கு முன்னாலும் சிலர் முள்கம்பி செய்திருந்தார்கள். அவர் செய்த மாற்றம், முள்ளை ஒரு கம்பியில் மாட்டி, இன்னொரு கம்பியை அதோடு சேர்த்து முறுக்கியது. முள் நகராது. புரியாக முறுக்கியதால் கம்பிக்குக் கொஞ்சம் ஸ்பிரிங் குணமும் வந்தது. அமெரிக்காவில் 1874-ல் 10,000 பவுண்டு உற்பத்தியானது, 1880-ல் 8 கோடி பவுண்டைத் தாண்டியது.

செடி வேலியைப் பார்த்துச் செய்ததுதான் முள்கம்பி. நாம் வைத்த பெயரிலேயே அது இருக்கிறது. முள்ளைக் காப்பியடித்தாயிற்று. ஆனால் சந்து விழுந்தால் தானே வளர்ந்து அடைக்கிற குணத்தைக் காப்பியடிக்க முடியவில்லை. அந்த வேலையை மனிதன் கையில் ஒரு கருவியோடு செய்ய வேண்டியதாயிற்று.

நியூசிலாந்தில் ஒரு மாவு மில்காரர்

கம்பி இழுக்கப் பல ஊர்களில் பல கருவிகள் வந்தன. என்னைப் பிடித்துக்கொண்டது நியூசிலாந்துக் கதைதான். எர்னஸ்ட் ஹேஸ் இங்கிலாந்தில் 1851-ல் பிறந்தவர், மில் இயந்திர வேலை தெரிந்தவர். 1882-ல் நியூசிலாந்து போனார். ஒடாகோ பகுதியில் ஓட்டுரேஹுவா என்ற சின்ன ஊரில் மாவு மில் வேலை. 1895-ல் சொந்தப் பட்டறை தொடங்கினார். முதலில் செய்தது வேலிக் கருவி அல்ல, முயலுக்கு விஷ உருண்டை வெட்டுகிற கருவி. குடியேறியவர்கள் கொண்டுவந்து விட்ட முயல்கள் ஆட்டு மேய்ச்சலை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் மனைவி ஹன்னா சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் பிடித்தார். நல்ல ரோடே இல்லாத நாட்டில், பாவாடை கட்டிக்கொண்டு, 1890களில்!

கணவர் பட்டறையில், மனைவி விற்பனையில். நம் ஊர் லேத் பட்டறைகள் பலவும் இப்படித்தானே ஓடுகின்றன.

1924-ல் ஹேஸ் கொண்டுவந்த கம்பி இழுக்கும் கருவி நூறு வருஷம் தாண்டியும் தயாரிப்பில் இருக்கிறது. பட்டறை இன்று பாதுகாக்கப்பட்ட நினைவிடம். கருவியில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு சங்கிலி, ஒரு கைப்பிடி, கைப்பிடியில் இரண்டு கொக்கி, கம்பியைக் கவ்வ இரண்டு பிடி. பிடியின் தாடை, இழுக்க இழுக்க இன்னும் இறுக்கிக் கவ்வும். கைப்பிடியை ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு கொக்கி சங்கிலியில் அடுத்த கண்ணிக்கு நகரும், அதுவரை இன்னொரு கொக்கி பிடித்திருக்கும். மறுபக்கம் சாய்த்தால் இது நகரும், அது பிடிக்கும்.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கமிட். கையை எடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், இழுத்தது இழுத்தபடி இருக்கும். ஒரே ஆள் போதும். கடப்பாரைக்கு இல்லாதது இந்த ஒன்றுதான்.

நான் உடைத்த கல்

அதே அமைப்பில் உள்ள ஒரு கருவியை வாங்கிக்கொண்டு தை மாதம் ஊருக்குப் போனேன். வேலிக்காரப் பெரியவரையும் வரச் சொல்லியிருந்தேன். முதல் மூன்று கம்பியும் வீணைக் கம்பி மாதிரி நின்றன. எனக்கு ஒரே சந்தோஷம். பெரியவர் மட்டும் மூலைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், போதுங்க. கல்லு தாங்காது" என்றார்.

"இன்னும் ரெண்டு கண்ணிதாண்ணா" என்றேன்.

நாலாவது கம்பியில் மூலைக் கல் தரை மட்டத்தில் விரிந்து சாய்ந்தது. நல்லவேளை, யார் மேலும் விழவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தால் இதுவும் கணக்குதான். கருங்கல் அமுக்கத்தைத் தாங்குகிற அளவில் பத்தில் ஒரு பங்குகூட இழுப்பைத் தாங்காது. உளியும் ஆப்பும் வைத்து அவ்வளவு நேராகப் பிளக்க முடிகிறது என்றால் அந்தக் குணத்தால்தான். கம்பி பக்கவாட்டில் இழுத்தால் கல் வளையப் பார்க்கும், வளையும்போது ஒரு முகம் இழுபடும், அங்கே விரியும். ஐந்து கம்பி, தலைக்கு 50 கிலோ என்றாலே மூலைக் கல்லுக்கு 250 கிலோ. நான் கண்ணியை எண்ணாமல் இழுத்தது அதைப்போல் பல மடங்கு இருந்திருக்கும். அந்த மூலையில் முட்டுக்கல்லும் கிடையாது. வேலி போடும்போது செலவு மிச்சம் என்று நாங்கள்தான் வேண்டாம் என்றிருக்கிறோம்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. பெரியவர் மூன்று வருஷத்துக்கு முன் தளர்வாகக் கட்டியது முழுக்கக் கருவி இல்லாததால் அல்ல. கல்லைத் தெரிந்து வைத்திருந்ததாலும்தான். நியூசிலாந்தில் மூலைக்குப் பருத்த மரத்தை ஆழப் புதைத்து, சாய்வாக முட்டுக் கொடுத்த பிறகுதான் கருவியை மாட்டுவார்கள். கருவியை மட்டும் வாங்கி வந்தது என் தப்பு.

புது மூலைக் கல்லும், இரண்டு பக்கமும் சாய்வாக முட்டுக்கல்லும் நட்டோம். இழுவையை அளக்க ஒரு சின்ன வழியும் கிடைத்தது. 3 மீட்டர் இடைவெளியின் நடுவில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். கம்பி ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கினால் இழுவை சுமார் 50 கிலோ. அதற்கு மேல் இறங்கினால் தளர்வு, குறைந்தால் கல்லுக்கு ஆபத்து. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, கம்பியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "இதுதானுங்க அளவு, இந்தச் சத்தம்" என்றார். எடைக்கல்லும் அவர் காதும் ஒரே கம்பியைத்தான் சரி என்று சொல்லின.

இரண்டாம் நாள் சாயங்காலம் பெரியப்பா வரப்பு வழியாக வந்தார். கம்பியை அழுத்திப் பார்த்தார். "எத்தன நாளைக்கு நிக்கும்?" என்றார். மூன்று மாதம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு.

"வருசா வருசம் ஒருக்கா இழுக்கணுங்க பெரியப்பா."

"நீ பெங்களூர்ல இருந்துக்கிட்டு வருசா வருசம் வந்து இழுப்பியா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "ஆடிக்கு முன்னால கிளுவைப் போத்து வெட்டித் தாறேன். கம்பியை ஒட்டி நட்டு வுடு."

வைகாசியில் நட்டோம். போத்தெல்லாம் அவர் காட்டில் வெட்டியது. இப்போது துளிர் விட்டிருக்கிறது. அது அடர்ந்து மறைக்கிற வரைக்கும் கம்பியை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவி அம்மா வீட்டில் அரிசி டிரம் பக்கத்தில், எண்ணெய் தடவிய சாக்கில் சுற்றியபடி இருக்கிறது.