தொன்னைச் சோற்றில் தைவான்

பௌர்ணமி ராத்திரி திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் நடையில் எங்காவது ஓரிடத்தில் யாராவது கூப்பிட்டு, கையில் ஒரு தொன்னை சாம்பார் சாதத்தைக் கொடுத்துவிடுவார்கள். கால் வலிக்கிற நேரத்தில் அது தேவாமிர்தம். ‘என்ன இருந்தாலும் நம்ம பொன்னி அரிசி மாதிரி வருமா!’ என்று வழித்துச் சாப்பிடுவோம்.

நம்ம அரிசியா? கொஞ்சம் விசாரிப்போமே.

பொன்னி என்பது காவிரியின் பெயர்தான். ஆனால், அந்த நெல்லின் ஜாதகம் வேறு. ஒரு பக்கம் ‘தைச்சுங் 65’. ஜப்பானியர் ஆட்சியில் தைவானில் உருவான ரகம். மறுபக்கம் ‘மாயாங் ஈபோஸ் 80’. மலேயாவைச் சேர்ந்தது. இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட்டது ஒரிசாவின் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையம், 1950-களில். குழந்தை மலேசியாவில் வளர்ந்து, 1965-ல் ‘மசூரி’ என்ற பெயரோடு வயலுக்கு வந்தது. அப்புறம்தான் தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னியாச்சு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதை மேலும் தேர்ந்தெடுத்துச் சீராக்கிய வெள்ளைப் பொன்னி 1986-ல் வெளியானது.

எதற்காக இந்தப் பாடு? பசிதான் காரணம்.

1965, 66-ல் மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பல் கோதுமையோடு வந்தால்தான் தேசத்துக்குச் சாப்பாடு என்கிற நிலை. ‘ரூபாய்க்கு மூணு படி அரிசி’ என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை.

அதே சமயம் பிலிப்பைன்ஸில், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966 நவம்பரில் ‘ஐ.ஆர்.8’ ரகத்தை வெளியிட்டது. நம் பழைய நெல் ரகங்கள் பல நெட்டையானவை. உரம் போட்டால் இன்னும் வளர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஐ.ஆர்.8 குட்டை. உரத்தையெல்லாம் தாளாக்காமல் மணியாக்கியது. சோதனை வயலில் ஹெக்டேருக்கு 9 டன்னுக்கு மேல்!

1989 வரை திருவண்ணாமலை, வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் தன் மகனுக்கே ‘ஐ.ஆர்.எட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார் என்றால் பாருங்கள். சாமி பெயரை வைக்கிற ஊரில் நெல்லின் நம்பர்!

ஒரே குறை. சோறு ருசிக்கவில்லை. ஆறினால் விறைத்துக்கொண்டது. பூச்சியும் படுத்தியது. 1969-ல் ஐ.ஆர்.20 வந்தது. அதற்காக மணிலாக்காரர்கள் கைவைத்தது எதில் தெரியுமா? நம் திரூர்குப்பம் நிலையத்து டி.கே.எம்.6-ல். கொடுக்கல் வாங்கலில் நாமும் சளைத்தவர்கள் இல்லை.

எல்லாம் சரி, தண்ணீர்? இங்கே தஞ்சாவூர் மாதிரி வாய்க்கால் கிடையாது. ஏரியும் கிணறும்தான். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில், மாடு களைத்தால் இறைப்பும் நின்றுவிடும். அடுத்து வந்த கரன்ட் மோட்டாருக்குக் களைப்பே கிடையாது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. கிணறு ஆழமானது. பாறையைத் துளைத்து ‘போர்’ போட்டார்கள். பணம் உள்ளவர் இன்னும் ஆழமாகப் போட, பக்கத்து வயல்காரர் கிணறு வறண்டது.

1973-74-ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட ஆற்காட்டுக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். புது நெல், சர்க்கார் சொன்ன அளவுக்குப் பரவவில்லை என்றார்கள். பத்து வருஷம் கழித்து அதே கிராமங்களுக்குப் போனவர்கள் பார்த்தது வேறு காட்சி. புது நெல் பரவியிருந்தது. சிறு விவசாயிக்கும் நிலமில்லாத கூலிக்கும்கூட வருமானம் கூடியிருந்தது. ஆகவே, ‘பசுமைப் புரட்சி பாழாக்கியது’ என்று ஒரே போடாகப் போட முடியாது. பசி குறைந்தது நிஜம். கிணறு வறண்டதும் நிஜம்.

ஒரு கிலோ நெல் விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் என்று கணக்குச் சொல்கிறது அதே மணிலா நிலையம். அதைக் குறைக்க வழியும் சொல்கிறது. வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காதே, கொஞ்சம் காயவிட்டு அப்புறம் பாய்ச்சு என்கிறது. ஓட்டை போட்ட குழாயை மண்ணில் பதித்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்துப் பார்த்துப் பாய்ச்ச வேண்டும்.

நம் கிராமத்துத் தாத்தாக்களைக் கேட்டால் சிரிப்பார்கள். குழாய் ஒன்றுதான் அவர்களுக்குப் புதுசு. மற்றதற்கு அவர்களிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’.

அடுத்த பௌர்ணமிக்குத் தொன்னை கைக்கு வரும்போது, ஒரு பருக்கைகூடக் கீழே சிந்தாதீர்கள். தைவான், மலேயா, கட்டாக் என்று சுற்றி வந்த சோறு அது. அதோடு, யாரோ ஒருவர் கிணற்றின் கடைசித் தண்ணீரும் அதில் இருக்கலாம்.