இரண்டு டன் வீட்டுக்கு ஒரு வெள்ளோட்டம்

கேரவன் என்றால் நமக்கு சினிமா ஷூட்டிங்கில் நடிகர்களுக்காக ஓரமாக நிற்கும் ஏசி வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது பிறந்தது வேறு காரியத்துக்கு. படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்கு. பிழைப்புக்காக அப்படிப் போனவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. வெறும் உல்லாசத்துக்காக, அதற்கென்றே ஒரு வண்டியைச் செய்யச் சொல்லிக் கிளம்பிய முதல் ஆள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். வருடம் 1885.

ஸ்டேபிள்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் கடற்படையில் டாக்டராக இருந்தவர். உடம்பு சரியில்லாமல் ஓய்வு பெற்று, தெற்கு இங்கிலாந்தில் ட்வைஃபோர்டு என்ற ஊரில் குடியேறி, சிறுவர்களுக்கு சாகசக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். ரயில் பெட்டிகள் செய்யும் பிரிஸ்டல் வேகன் வொர்க்ஸிடம் போய் ஒரு வண்டிக்கு ஆர்டர் கொடுத்தார். அதற்கு 'வாண்டரர்' என்று பெயர் வைத்தார். நாடோடி என்று அர்த்தம். கடற்படைக்காரர் இல்லையா, அதைத் 'தரைக் கப்பல்' என்கிற மாதிரிதான் பேசினார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவர் செய்த முன்னேற்பாடு. முதல் முறை கேரவனில் போகிறவர்களுக்கு இன்றைக்குச் சொல்லப்படும் அறிவுரைகளை எடுத்துப் பாருங்கள். எடையைக் கவனி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வை, முதல் பயணம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ராத்திரி எங்கே நிறுத்தப் போகிறாய் என்று முன்கூட்டியே யோசி. நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்த நான்கையுமே ஸ்டேபிள்ஸ் சமாளிக்க வேண்டியிருந்தது.

முதலில் எடை. வண்டி சுமார் 2 டன். இழுக்க இரண்டு குதிரைகள், பெயர் பீ-பிளாசம், கார்ன்-ஃபிளவர். மேடு வந்தால் குதிரை திணறும், இறக்கம் வந்தால் வண்டி குதிரையைத் தள்ளும். ஆக, உள்ளே ஏற்றும் ஒவ்வொரு சாமானுக்கும் விலை கொடுப்பது குதிரைதான். அடுத்தது இடம். பகலில் சோபாவாக இருப்பதே ராத்திரியில் படுக்கை. சமையல் பின்பக்கம். இதோடு ஹரிகேன் பாப் என்ற பெரிய நியூஃபவுண்ட்லேண்ட் நாய் ஒன்று, ஒரு கிளி வேறு!

அப்புறம் சாலை. கிராமத்துச் சாலைகள் குறுகல். எதிரே என்ன வருகிறது என்று தெரியாமல் இந்தப் பூதத்தை ஓட்ட முடியாது. அதனால் ஃபோலி என்ற பணியாளர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய் வழி பார்த்து, எதிரே வருபவர்களை எச்சரித்தார். இன்றைய ஜிபிஎஸ்ஸின் வேலையை அன்று ஒரு மனிதர் மிதித்துச் செய்தார். ராத்திரித் தங்கலுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு சத்திரம். அவர் வண்டியிலேயே படுத்துக்கொள்ளலாம், குதிரைகளுக்கு லாயம் வேண்டுமே.

நேராக ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிவிடவில்லை என்பதுதான் முக்கியம். முதலில் ஒரு சோதனை ஓட்டம். ட்வைஃபோர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மெய்டன்ஹெட் திக்கெட் என்ற இடத்தில் இடிமழையில் மாட்டிக்கொண்டார்கள். சாப்ட்வேரில் நாங்கள் இதை பைலட் என்போம். தமிழில் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் முதலில் சாமியை ஏற்றாமல் ஓட்டிப் பார்ப்போமே, அதேதான். அதன் பிறகுதான் இன்வர்னெஸ் வரைக்கும் போன அந்தப் பெரிய பயணம். 1886-ல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே 1300 மைல் என்று கணக்கு இருக்கிறது.

இந்த ஏற்பாடுகளில் ஒன்று மட்டும் இல்லை. அனுமதி.

அதே 1885-ல் பிரிட்டனில் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் ஒன்று வந்தது. அதன் ஒரு பிரிவு, கூடாரத்திலும் வண்டியிலும் குடியிருப்பவர்கள் மீது சுகாதார அதிகாரிகளுக்குப் பிடி கொடுத்தது. கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரருக்கு அதுவும் போதவில்லை. வண்டி வீடுகள் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும், சோதனை போட வேண்டும், அங்குள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும் என்று தனி மசோதாவுக்காக வருடக்கணக்கில் போராடினார். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற அவருடைய அக்கறை நிஜமானதுதான். ஆனால் அந்த மசோதா குறிவைத்தது ஜிப்சிகளையும் ஊர் ஊராகக் காட்சி நடத்திய ராட்டினக்காரர்களையும். காட்சிக்காரர்கள் 1889-ல் ஒரு சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். மசோதா கடைசிவரை நிறைவேறவில்லை.

வண்டி ஒன்றுதான். சக்கரம், அடுப்பு, படுக்கை எல்லாம் ஒன்றுதான். ஏழை அதில் படுத்தால் சுகாதாரக் கேடு, டாக்டர் படுத்தால் ஆரோக்கியம். ஸ்டேபிள்ஸுக்கும் இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும் போல. தன்னை ஜிப்சி என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டவர், 1891-ல் வந்த தன் புத்தகத்தின் தலைப்பில் அந்தச் சொல்லுக்கு முன்னால் மறக்காமல் ஒரு 'ஜென்டில்மேன்' சேர்த்துக்கொண்டார்.

1907-ல் பிரிட்டனில் கேரவன் கிளப் தொடங்கியபோது அவர் அதன் துணைத் தலைவர்களில் ஒருவரானார். 1910-ல் இறந்துபோனார். அந்த கிளப் இன்றும் வாண்டரரைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. அந்த வண்டியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதே சாலையில் அதே ராத்திரியில் வண்டியை ஓரங்கட்டிய இன்னொரு குடும்பத்தையும் நான் நினைத்துக்கொள்கிறேன். அவர்களும் அடுப்பு, படுக்கை, குதிரைத் தீனி எல்லாம் சரிபார்த்துத்தான் கிளம்பியிருப்பார்கள். விடியும் வரை யாரும் வந்து கிளப்ப மாட்டார்கள் என்ற நிம்மதியை மட்டும் அவர்களால் எங்கேயும் வாங்கி ஏற்றிக்கொள்ள முடிந்திருக்காது.