மாஸ்கோவில் ஒரு முழங்கை மடிப்பு

1980 மாஸ்கோ ஒலிம்பிக் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது ஹாக்கிதான். வாசுதேவன் பாஸ்கரன் தலைமையிலான இந்திய அணி ஸ்பெயினை 4-3 என்ற கணக்கில் தோற்கடித்துத் தங்கம் வென்றது ஜூலை 29ஆம் தேதி. மறுநாள் ஜூலை 30. அதே மாஸ்கோவின் லெனின் ஸ்டேடியத்தில் ஆண்களுக்கான கோலூன்றித் தாண்டும் போட்டியின் இறுதிச்சுற்று. அந்த ஒலிம்பிக்கில் போலந்து நாட்டுக்காரர்கள் இன்றுவரை மறக்காத நாள் அதுதான். அதற்குக் காரணம் தாண்டிய உயரம் மட்டுமல்ல, தாண்டிய பிறகு ஒரு மனிதர் செய்த சைகை!

அந்த மனிதரின் பெயர் விளாடிஸ்லாவ் கோசாகியேவிச். பிறந்தது 1953இல், அப்போது சோவியத் யூனியனில் இருந்த லிதுவேனியாவில். பெற்றோர் போலந்துக்காரர்கள். பின்னர் குடும்பம் போலந்துக்கு இடம் பெயர்ந்து, பால்டிக் கடலோரத் துறைமுக நகரமான கிடினியாவில் குடியேறியது. இந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்குப் போனபோதே தங்கம் இவருக்குத்தான் என்று பலர் சொன்னார்கள். ஆனால் காயம் பட்ட காலோடு தாண்டி 11ஆவது இடம்தான் கிடைத்தது. தங்கத்தை வென்றதோ அவருடைய சக நாட்டவரான ததேயுஷ் ஸ்லுசார்ஸ்கி. அதன் பிறகு நான்கு வருடக் காத்திருப்பு.

இந்த நான்கு வருடமும் உலக சாதனை 5.70 மீட்டரில் நின்றது. அமெரிக்காவின் டேவிட் ராபர்ட்ஸ் 1976 ஜூனில் வைத்த உயரம் அது. 1980 கோடையில்தான் அது நகரத் தொடங்கியது, அதுவும் விறுவிறுவென்று. மே மாதம் மிலானில் கோசாகியேவிச் 5.72. ஜூன் முதல் தேதி பிரான்சின் தியரி விக்னெரோன் 5.75. ஜூலை 17 அன்று இன்னொரு பிரெஞ்சுக்காரர் பிலிப் ஹூவியோன் 5.77. பதின்மூன்று நாள் கழித்து இவர்கள் எல்லோரும் மாஸ்கோவில் ஒரே ஓடுபாதையில் நின்றார்கள். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்காவும் அதன் பின்னால் பல நாடுகளும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன. அதனால் பல போட்டிகள் சோபை இழந்தன என்பது உண்மை. இந்தப் போட்டி அப்படி இல்லை. உலகின் மிகச் சிறந்த தாண்டுபவர்களில் பெரும்பாலானோர் அங்கே இருந்தார்கள்.

இல்லாதது ஒன்றுதான், அமைதி.

சோவியத் தரப்பின் நம்பிக்கை 20 வயது கான்ஸ்டான்டின் வோல்கோவ். அவர் ஓடத் தயாரானால் அரங்கம் ஆதரவாகக் குரல் கொடுத்தது. போலந்துக்காரர்களோ பிரெஞ்சுக்காரர்களோ கோலைத் தூக்கினால் விசில், கூச்சல், ஊளை! கால்பந்து மைதானத்தில் இது சகஜம், விளையாடுபவர்களும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள். கோலூன்றித் தாண்டுவது வேறு மாதிரி. நாற்பது மீட்டர் தூரம், ஒவ்வொரு அடியும் எண்ணி வைத்தது. கடைசி அடி ஒரு சாண் பிசகினாலும் கோல் சரியாக வளையாது. முழு வேகத்தில் ஓடிவந்து அந்தக் கண்ணாடியிழைக் கோலைக் குழியில் குத்தி, தலைகீழாக மேலே போகிற விளையாட்டு இது. மனம் சிதறினால் தோற்பது மட்டுமல்ல, உடம்பிலும் அடிபடும். ஆகவே அந்த விசில்களை வெறும் ரசிகர் குறும்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில நாட்களுக்கு முன்பு அதே அரங்கில் நடந்த மும்முறைத் தாண்டுதலில் வெளிநாட்டு வீரர்களின் நல்ல தாண்டல்கள் ‘ஃபவுல்’ என்று அறிவிக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, அந்தக் கசப்பும் காற்றில் இருந்தது.

ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். விக்னெரோன் பதக்கத்தின் பக்கமே வரவில்லை. ஹூவியோன், ஸ்லுசார்ஸ்கி, வோல்கோவ் மூவரும் 5.65 மீட்டரோடு நின்றுவிட்டார்கள். தவறிய முயற்சிகளைக் கணக்குப் பார்த்ததில் பின்னிருவருக்கும் வெள்ளி பங்கிடப்பட்டது. இரண்டு வாரம் முன்பு உலக சாதனை வைத்திருந்த ஹூவியோனுக்கு நான்காவது இடம், கையில் ஒன்றுமில்லை. பாவம்!

கோசாகியேவிச் மட்டும் கூச்சல் ஏற ஏறத் தானும் ஏறிக்கொண்டே போனார். அப்படி ஒரு உயரத்தைத் தாண்டிப் பாயில் விழுந்து எழுந்தவர், கூட்டத்தைப் பார்த்து ஒரு கையை மடக்கி முஷ்டியை நிமிர்த்தி, மறு கையால் அதன் முழங்கை மடிப்பில் அடித்துக் காட்டினார். நம் ஊரில் இந்தச் சைகைக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. ஐரோப்பாவில் சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும். நாகரிகமாகச் சொன்னால், “உங்களால் ஆனதைப் பார்த்துக்கொள்ளுங்கள்!”

அதன் பிறகு குறுக்குக் கம்பியை 5.78க்கு உயர்த்தச் சொன்னார். அதையும் தாண்டினார். தங்கத்தோடு புதிய உலக சாதனை! 1920இல் ஆன்ட்வெர்ப்பில் அமெரிக்காவின் ஃபிராங்க் ஃபாஸ் செய்த பிறகு, அறுபது வருடங்களாக ஒலிம்பிக் களத்தில் இந்தப் போட்டியில் உலக சாதனை நிகழ்ந்ததில்லை.

ஆனால் பேச்சு எல்லாம் சைகையைப் பற்றித்தான். சோவியத் யூனியனின் பிடியில் இருந்த ஒரு நாட்டின் வீரர், அந்தச் சோவியத்தின் தலைநகரிலேயே, உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்த காரியம் இது. வார்சாவில் இருந்த சோவியத் தூதர் போரிஸ் அரிஸ்டோவ், சோவியத் மக்களை அவமதித்த இவரிடமிருந்து பதக்கத்தைப் பறிக்க வேண்டும் என்றார். போலந்து அரசுக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை. அண்ணன் நாட்டைப் பகைக்கவும் முடியாது, தங்கம் வென்றவரைத் தண்டித்தால் சொந்த ஜனங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. கடைசியில் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். அது சைகையே இல்லையாம், கடும் உழைப்பால் தன்னிச்சையாக ஏற்பட்ட தசைப்பிடிப்பாம்! ராஜதந்திர வரலாற்றில் இப்படியொரு மருத்துவச் சான்று அபூர்வம். பதக்கம் பிழைத்தது.

போலந்து ஜனங்கள் ஏன் இவ்வளவு கொண்டாடினார்கள் என்று புரிய, அந்த மாதத்தைப் பார்க்க வேண்டும். ஜூலை முதல் தேதி இறைச்சி விலை ஏறியது. லூப்ளின் பகுதியில் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. மாஸ்கோ போட்டி முடிந்த பதினைந்தாவது நாள், ஆகஸ்ட் 14, கிடான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அதிலிருந்துதான் லெக் வாலேசாவின் ‘சாலிடாரிட்டி’ இயக்கம் பிறந்தது. கிடான்ஸ்க்கும் கோசாகியேவிச்சின் கிடினியாவும் அடுத்தடுத்த ஊர்கள். ஒரு தாண்டுபவரின் கைதான் புரட்சியைக் கிளப்பியது என்று சொன்னால் அது மிகை, வேலைநிறுத்தங்கள் அவர் தாண்டுவதற்கு முன்பே தொடங்கிவிட்டன. ஜனங்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவர் சொல்லிக் காட்டினார், அவ்வளவுதான். அந்த வருடத்தின் சிறந்த போலந்து விளையாட்டு வீரராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

5.78 அதிக நாள் நிற்கவில்லை. 1981 ஜூனிலேயே விக்னெரோன் 5.80 தாண்டிவிட்டார். அதே வருடம் டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை இந்த முறை சோவியத் அணி நாடுகள் புறக்கணித்தன, போலந்தும் சேர்ந்துகொண்டது. பட்டத்தைத் தக்கவைக்கும் வாய்ப்புக்கூட கோசாகியேவிச்சுக்குக் கிடைக்கவில்லை. 1985இல் அவர் மேற்கு ஜெர்மனிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அதே ஜூலையில் பாரிஸில் ஒரு சோவியத் இளைஞர், செர்கேய் புப்கா, முதன்முதலாக ஆறு மீட்டரைத் தாண்டினார்.

போலந்து மொழியில் அந்தச் சைகைக்கு இன்றும் பெயர் ‘கோசாகியேவிச்சின் சைகை’. அவர் எத்தனை மீட்டர் தாண்டினார் என்று தெரியாதவர்களும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.