முகமில்லாக் கணினியும் மொழி எல்லையும்

வழங்கிக் கணினிக்கு எந்த இயக்குதளம் ஏற்றது என்னும் வினா, பொறியியலார் தம் அறைக்குள்ளேயே பேசி முடிக்க வேண்டியது என்று பலரும் கருதுகின்றனர். பாலக்காட்டின் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் வாழும் தமிழருக்கும் இவ்வினாவுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். உறவு உண்டு. குடும்ப அட்டை, நிலவரி, பள்ளிச் சான்றிதழ் என்று நம் வாழ்வின் ஆவணங்கள் பலவும் இன்று ஏதோ ஒரு வழங்கியின் உள்ளே குடியிருக்கின்றன. அவை எந்த வீட்டில், யாருடைய சாவியின் கீழ் இருக்கின்றன என்பது நம் கவலையும் ஆகும். ஆதலின் அவ்வீட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

வீட்டுக் கணினியில் சாளரங்களும் சின்னங்களும் சுட்டியும் உள்ளன. பெரும்பாலான வழங்கிகளில் இவை இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தால் இடுகிறோம்; விடையும் எழுத்தாகவே வருகிறது. இதனை முகமில்லாக் கணினி எனலாம். இந்த எளிமை வறுமையால் நேர்ந்ததன்று; தேர்ந்து கொண்டதேயாம். சாளரங்களை வரைந்து காட்டும் மென்பொருள் நினைவகத்தை உண்ணும். அதனுள்ளும் பிழைகள் இருக்கும். ஒவ்வொரு பிழையும் கள்வன் நுழையக்கூடிய ஒரு வாயில். எதிரே அமர்ந்து எவரும் பாராத பொறிக்கு அலங்காரம் எதற்கு?

இம்முறையின் மூலம் 1969ஆம் ஆண்டில் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவரும் யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அந்நாளில் அவர்கள் முன் இருந்தது ஒளிரும் திரையன்று. டெலிடைப் எனப்படும் தட்டச்சுப் பொறி. அது ஒரு நொடிக்குப் பத்து எழுத்துகளையே அச்சிடும். ஆகவே கட்டளைகள் குறுகின. ‘காப்பி’ என்பது ‘சி.பி.’ ஆயிற்று, ‘மூவ்’ என்பது ‘எம்.வி.’ ஆயிற்று. சொல்லுக்குக் காசு கொடுத்துத் தந்தி அனுப்பிய காலத்தில் நாமும் இப்படித்தானே சொற்களைச் சுருக்கினோம்?

யூனிக்ஸ் உலகெங்கும் பரவியதற்கு 1956ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று காரணமாயிற்று. மொழிவழி மாநிலங்கள் அமைந்து, தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் நின்ற அதே ஆண்டில், அமெரிக்காவில் ஏ.டி.அண்டு.டி. தொலைபேசி நிறுவனத்தின்மீது நடந்த வழக்கு ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. அதன்படி அந்நிறுவனம் தொலைபேசித் தொழிலுக்கு அப்பால் வாணிகம் செய்தல் இயலாது. எனவே தன் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸை அது மூல நிரலோடு பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில் அளித்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதனை வளர்த்துத் தன் பெயரால் 1977 முதல் வழங்கிற்று. 1984இல் அத்தொலைபேசி நிறுவனம் பிரிக்கப்பட்டபோது பழைய தடை நீங்கியது, யூனிக்ஸ் விலைப்பொருளாயிற்று. கதவு சாத்தப்படுவதைக் கண்ட ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிய ‘குனு’ திட்டத்தை 1983லேயே அறிவித்திருந்தார். 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை எழுதினார். பெர்க்லி வழியினர் 1992 முதல் 1994 வரை நீதிமன்றத்தில் சிக்கியிருந்த வேளையில் லினக்ஸ் முந்திச் சென்றது. டெபியன், ஃப்ரீ பி.எஸ்.டி. ஆகிய இரண்டும் 1993இல் தோன்றின.

இனி நம் எல்லைக்கு வருவோம். 2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பு திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் கேரள அரசு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் அத்திட்டம் அரசுப் பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2007ஆம் ஆண்டின் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் கட்டற்ற மென்பொருளை வரவேற்றது. 2017இல் அத்திட்டம் ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டிலோ, 2011 முதல் மாணவர்க்கு வழங்கப்பெற்ற மடிக்கணினிகளில் விண்டோஸும், சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. ஒரே மொழி பேசும் பிள்ளைகள், வாளையாற்றுக்கு அப்பால் ஒன்றும் இப்பால் மற்றொன்றுமாகப் பயின்றனர்.

இதில் சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. பள்ளியில் சாளரங்களோடு கூடிய லினக்ஸில் பயிலும் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளியின் மகள், அதிலுள்ள முனையம் என்ற சிறு பெட்டியைத் திறந்தால், தலைநகரின் பெரிய வழங்கிக்குரிய அதே கட்டளைகளை அங்கே காண்கிறாள். இடையே விலைச்சீட்டு இல்லை. ஏட்டில் கற்றதற்கும் தொழிலில் செய்வதற்கும் உள்ள தொலைவு அந்த அளவில் குறைகிறது.

மலைநாட்டுக்கு எழுத்துவழி ஆட்சி வேறொரு வகையிலும் பொருந்தும். 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் மூணாற்றுக்குச் செல்லும் சாலைகள் துண்டுபட்டதை நாம் மறவோம். இத்தகைய இடத்துப் பொறியைத் தொலைவிலிருந்தே பேண வேண்டியிருக்கும். 1995இல் பின்லாந்தின் தாத்து உலோனென் அமைத்த எஸ்.எஸ்.எச். என்னும் முறை, கட்டளைகளை மறைமொழியாக்கி அனுப்புகிறது. படங்களை அனுப்பத் திணறும் மெல்லிய இணைப்பும் எழுத்துகளை எளிதில் சுமந்து செல்லும்.

எனின், பலவற்றுள் எதனைத் தேர்வது? முதற்கண் கேட்க வேண்டியது, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பது. ரெட் ஹாட் நிறுவனம் பத்தாண்டுப் பேணலைக் கட்டணத்திற்கு அளிக்கிறது. உபுண்டுவின் நெடுங்காலப் பதிப்பு ஐந்தாண்டு பேணப்பெறும். தன்னார்வலர் நடத்தும் டெபியன், ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஐந்தாண்டளவு காக்கிறது. இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, வாக்குக் கொடுப்பவர் யார் என்பது. ரெட் ஹாட்டின் நிரலினின்று இலவசமாக உருவான சென்ட்ஓஎஸ் பலருடைய நம்பிக்கையைப் பெற்றிருந்தது. அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை பேணப்படும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2021இன் இறுதியோடு அது முடியும் என 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. நம்பியிருந்தோர் ராக்கி, அல்மா என்னும் புதிய கிளைகளைத் தேடிச் செல்ல நேர்ந்தது. எனினும் நிரல் திறந்திருந்தமையால் அக்கிளைகள் தோன்ற முடிந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. மூன்றாவதாகக் கேட்க வேண்டியது, பணி யாது என்பது. அலுவலகம் முழுவதும் விண்டோஸ் பயனர் பதிவேட்டை நம்பியிருப்பின், 2008இல் அறிமுகமான சாளரமில்லா விண்டோஸ் சர்வரும் தகுதியுடையதே. கருவும் கருவிகளும் ஒரே குழுவின் கையில் ஒழுங்காக இருத்தலை விரும்புவோர் ஃப்ரீ பி.எஸ்.டி.யை நாடலாம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போராகிய நாம் நான்காவது வினா ஒன்றைச் சேர்ப்போம்: அவ்வழங்கி தமிழைச் சிதையாமல் காக்குமா? 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசோடு கடிதம் எழுதவும் விடை பெறவும் வழி வகுத்தது. ஏட்டுக் காலத்தில் அவ்வுரிமைக்கு ஓர் எழுத்தர் போதும். இன்று அது குறியாக்கத்தைச் சார்ந்துள்ளது. மலையாள எழுத்தில் நகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரே வடிவம். ஆங்கில எழுத்திலோ லகர, ளகர வேறுபாடும் மறைகிறது. எனவே ஒருவர் பெயர் தமிழிலேயே பதியப்பெறாவிடில், மூன்று அலுவலகங்களில் மூன்று பெயர்களாகிவிடும்.

நல்வினையாக, இதற்கும் விடை தந்தவர் கென் தாம்சனே. 1992இல் அவரும் ராப் பைக்கும் அமைத்த யு.டி.எஃப்.-8 முறையில், தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாக அமர்கிறது. எழுத்துகளைச் சுருக்கிக் கட்டளை வகுத்தவரே உலக மொழிகள் அனைத்துக்கும் இடம் தந்தார். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். லினக்ஸின் வெற்றுத் திரை ஒருங்கே 512 வடிவங்களுக்கு மேல் தாங்காது. கொம்பையும் காலையும் மெய்யோடு இணைத்துக் காட்டவும் அறியாது. அங்கே தமிழ் சிதைந்து தோன்றினால் கோப்பும் சிதைந்தது என்று எவரும் அஞ்சி அழித்துவிடலாகாது. தமிழ் காட்டும் வேறொரு கணினி வழியே திறந்து பார்த்தல் வேண்டும். தரவுத்தளத்தின் குறியாக்கமும் அகரவரிசை அமைப்பும் தமிழுக்கு ஏற்ப முதல் நாளிலேயே அமைக்கப்பெறின், பின்னர் வரும் தொல்லை பெரிதும் குறையும்.

ஆகவே எல்லைப்புற அலுவலகமோ பள்ளியோ ஒரு வழங்கியை ஏற்கும்முன், விலையையும் வேகத்தையும் மட்டும் பார்த்து நின்றுவிடுதல் கூடாது. அவ்வூரார் பெயர்கள் பத்தினைத் தமிழில் பதிந்து, தேடி, வரிசைப்படுத்தி, அச்சிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குச் செல்வது அரை மணி நேரம். அதனால் காக்கப்படுவது ஒரு குடிமகனின் பெயர்.